சிப்பும் சிறப்பு ழகரமும்

மனைவி ‘தொடாதீங்க’ என்று சொன்ன ஒரு பொருளைத் தொடாமல் இருப்பது அப்படியொன்றும் பெரிய தவம் இல்லை. ஊரில் எத்தனையோ கணவர்கள் தொடாமல் இருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் தொட்டேன்.

தொட்டது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை. அவள் சொல்லி முழுசாக ஒரு ராத்திரிதான் போயிருந்தது.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். வருகிறவர் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, “இப்போ தெளிவாத் தெரியுதா? இது தெளிவா, முன்னாடி பார்த்தது தெளிவா?” என்று கேட்பது என் தொழில். நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போதுகூட வாய் தானாக “இப்போ தெரியுதா?” என்கிறது. இருட்டிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்பாள் என் மனைவி.

அவள் பிழை திருத்துபவள். பதிப்பகம் அனுப்பும் பக்கங்களை வீட்டிலிருந்தே படித்து, ஒற்று விட்ட இடத்தில் ஒற்றும், கால் ஒடிந்த எழுத்துக்குக் காலும் போட்டு அனுப்புவாள். அவள் கண்ணில் ஒரு புள்ளி தப்பாது. அந்தக் கண்ணுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்டவன் நான். எனக்கு நானே செய்துகொண்ட கெடுதல்களில் அதற்குத்தான் முதலிடம்.

ஏனென்றால் அந்தக் கண்ணாடி வழியாக அவள் முதலில் பார்த்த பிழை நான்தான். கல்யாணமான புதிதில் நான் பழத்தைப் பளம் என்பேன். மழையை மளை என்பேன். அவள் சிரிக்கவில்லை. திருத்த உட்கார்ந்தாள். “அது தமிழோட சிறப்பு எழுத்துங்க. நாக்கை மேல வளைங்க” என்றாள். வளைத்தேன். வளைந்த நாக்கு நிமிர மறுத்தது. கண்ட இடத்திலெல்லாம் ழ போட ஆரம்பித்தேன். தோள் வலி வந்தால் ‘தோழ் வலி’ என்றேன். வேலைக்குப் போகாமல் ‘வேழைக்கு’ப் போனேன். கடையில் ஒரு பெரியவரிடம் “மேழே இருக்கிற எழுத்தைப் படிங்க” என்றேன். அவர் எழுந்து காது டாக்டரிடம் போய்விட்டார். இந்த ழகரக் காய்ச்சல் இறங்கி, ல, ள, ழ மூன்றும் அதனதன் நாற்காலியில் போய் உட்கார அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்றைக்கு என் வாயில் பிழை கிடையாது. இது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் பட்டம்.

அந்தப் பாட்டையெல்லாம் வீணாக்காமல் அவள் ஒரு புத்தகமாக எழுதினாள். மயங்கொலிச் சொல் கையேடு. ஒன்றுபோலக் காதில் விழுந்து ஆளைக் கவிழ்க்கும் சொற்களை ஜோடி ஜோடியாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும் எடுத்துக்காட்டும். ஊரார் புத்தகம் எத்தனையையோ திருத்திக் கொடுத்தவள். ஒன்றில்கூட அவள் பெயர் வந்ததில்லை. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும், உள்ளே அச்சிட்டவர் விலாசம் இருக்கும், பிழை இருந்தால் மட்டும் இவளுக்கு ஃபோன் வரும். முதல் தடவையாக அட்டையில் அவள் பெயர் வரப்போகிறது. அட்டையின் மாதிரியை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வாள். நான் பார்க்காத நேரத்தில்தான் பார்ப்பாள். நான் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கடைசித் திருத்தம் முடித்து ஃபைலை அனுப்ப வேண்டும். தவறினால் அச்சகம் பள்ளிப் பாடப்புத்தகங்களைக் கையில் எடுத்துவிடும். அப்புறம் இவள் முறை அடுத்த வருஷம்தான். வெள்ளிக்கிழமை படுக்கப் போகும்போது சொன்னாள், “நாளைக்கு அது போற வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க.” நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். மேசைமேல் கம்ப்யூட்டர் தனியாக இருந்தது.

இந்த வீட்டில் என் ஆளுகைக்கு உட்பட்ட பிரதேசம் அது ஒன்றுதான். சமையலறை அவளுடையது. அலமாரி அவளுடையது. என் சட்டைகளில் எது நல்ல சட்டை என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுடையது. கம்ப்யூட்டர் மட்டும் என் பொறுப்பு. வாங்கிய அன்றே யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டுப் போட்டவன் நான். அதற்குள் ஒரு பாதுகாப்புச் சிப் இருக்கிறது. பூட்டின் சாவி அதனிடம். தினமும் காலையில் கம்ப்யூட்டரை எழுப்பினால் சிப்பே சாவியைப் போட்டுத் திறந்துவிடும். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் கைவசம் இருக்கட்டும் என்று ஒரு மீட்பு வாக்கியமும் வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்டும் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வாக்கியமாகவும் அது இல்லை.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது. ‘புதிய கெர்னல் தயார். இப்போதே நிறுவலாமா?’ என்று பணிவாகக் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் யாராவது அனுமதி கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நிறுவலாம் என்றேன்.

அந்தப் பொத்தானை நான் அமுக்கியிருக்கக் கூடாது. திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. திறந்தபோது கறுப்பு. அதில் வெள்ளை எழுத்து: ‘பாதுகாப்புச் சிப் சாவி தரவில்லை. மீட்பு வாக்கியத்தைத் தரவும்.’

குளியலறைக் கதவு திறந்தது.

“என்னங்க, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு?”

“தூங்குது.”

“எழுப்புங்க.”

“அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்.”

“தொட்டீங்களா?”

“ஒண்ணுமில்ல. கெர்னல் மாறிடுச்சு.”

“கர்னலா? எந்தப் பட்டாளத்துல?”

“கர்னல் இல்லம்மா, கெர்னல். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி.”

“மாறிடுச்சா, மாத்தினீங்களா? தன்வினையா, பிறவினையா?”

இலக்கணம் படித்தவளைக் கட்டிக்கொண்டால் பொய் சொல்ல வினைச்சொல்லே கிடைக்காது.

“பிறவினை,” என்றேன்.

“ம்.”

“அதோட சிப்பும் போயிடுச்சு போலிருக்கு.”

“சீப்பு போனா உங்களுக்கு நஷ்டமில்ல, தலை அப்படி. என் ஃபைல் இருக்கா?”

“இருக்கு. உள்ள இருக்கு.”

“நகல் எடுத்து வைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. வச்சீங்களா?”

“வைக்காம? ‘பத்திரம்’னு பேர் போட்டே வச்சிருக்கேன்.”

“எங்க?”

“அதே கம்ப்யூட்டர்லதான். பக்கத்து ஃபோல்டர்ல.”

அவள் ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் உடனே களத்தில் இறங்கினேன். கீபோர்டை அவள் பார்க்காதபடி வயிற்றால் மறைத்துக்கொண்டு மீட்பு வாக்கியத்தை அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு என்றது. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்தை அடிக்க முடியாது. தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அடிக்கும்போது நட்சத்திரம்தான் விழும், எழுத்து விழாது. ஆ-வுக்கு ஒரு ‘ஏ’ போட்டிருந்தேனா, இரண்டு ‘ஏ’யா? ஒரு ‘எல்’லா, இரண்டு ‘எல்’லா? எல்லா ‘எல்’லும் போட்டுப் பார்த்தாயிற்று. திரை அசையவில்லை.

கோளாறு வாக்கியத்தில் இல்லை, சிப்பில்தான் என்று முடிவு கட்டினேன். அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினேன். ‘சிப்பை முழுவதும் துடைக்கவா?’ என்று ஒரு வரி இருந்தது. மங்கலாகத் தெரிந்தால் துடை, இது என் தொழிலில் முதல் பாடம். ‘நிச்சயமாகவா?’ என்று அது இன்னொரு தடவை கேட்டது. மறுபடியும் அனுமதி! நிச்சயமாக என்றேன். துடைத்துவிட்டது.

கறுப்புத் திரை முன்பைவிடப் பளிச்சென்று கறுப்பாக வந்தது.

“எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க,” என்றாள் அவள்.

எதிர்வீட்டுக்காரரை நாங்கள் ‘சர்வர்’ என்போம். ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. என் மாமியார் ரொம்ப நாள் அவரை ஹோட்டலில் பரிமாறுகிறவர் என்றே நினைத்து, “நின்னுக்கிட்டே இருக்கிற உத்தியோகம், கொஞ்சம் உட்காருப்பா” என்று நாற்காலி போடுவார். மனுஷர் வந்தால் எழுந்து போகாத பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. அன்றைக்கும் காபி டம்ளரோடு வந்து, வசதியாக உட்கார்ந்து, திரையைப் பார்த்தார்.

“சிப் கெடல சார்.”

“கெடலையா?”

“நல்லா வேலை பார்த்திருக்கு. தினமும் எழுந்திருக்கிறப்போ எல்லாரையும் ஒரு தடவை உத்துப் பார்க்கும். நேத்து இருந்தவங்கதான் இன்னிக்கும் இருக்காங்கன்னா சாவியைக் குடுக்கும். நீங்க கெர்னலை மாத்திட்டீங்க. புது முகமா இருக்கேன்னு சாவியை மடியில கட்டிக்கிச்சு.”

“பரவாயில்லையே,” என்றாள் என் மனைவி. “வீட்ல ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கு.”

“ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். பழைய கெர்னல் உள்ளேயே ஒரு ஓரமா இருக்கும். அதை வச்சு எழுப்பினா, நம்ம ஆள்தான்னு சிப் திறந்து விட்டுரும். ரெண்டு நிமிஷ வேலை.” காபியை ஒரு வாய் குடித்தார். “சிப்பைத் துடைச்சு கிடைச்சு வைக்கலையே?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சார்?”

“துடைச்சேன். கிடைக்கல.”

டம்ளர் பாதி வழியில் நின்றது. “அப்போ சாவியே போச்சு சார். இனிமே மீட்பு வாக்கியம் ஒண்ணுதான். அதுவும் இல்லேன்னா உள்ள இருக்கிறது யாருக்கும் கிடைக்காது. பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு. யார் போட்டது?”

“நான்தான்.”

“பிரமாதம்,” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

என் மனைவி எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பழைய அச்சுப் பக்கங்களை எடுத்து வந்தாள். முதல் திருத்தத்தோடு நின்றுபோன கட்டு அது. அதற்கப்புறம் அவள் மாசக்கணக்கில் செய்ததெல்லாம் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன பண்றே?”

“ஞாபகத்துல இருக்கிற வரைக்கும் மறுபடி போடறேன். சாயங்காலத்துக்குள்ள பாதியாவது வரும்.”

“பாதியை வச்சு என்ன பண்ணுவே?”

“தெரியல.”

திட்டியிருக்கலாம். அவள் திட்டினால் அதில் ஒரு சந்தி, ஒரு புணர்ச்சி தவறாமல் அழகாக இருக்கும், நானும் வாங்கிப் பழகியவன். அவள் திட்டவில்லை. தாளில் பேனா உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி அலமாரிக் கதவில் இருந்த அட்டையைப் பார்த்தாள். நான் பார்ப்பதைப் பற்றி அப்போது அவளுக்குக் கவலை இல்லை. பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அட்டையில் இருக்கும் அந்தப் பெயருக்காக அவள் எத்தனை வருஷம் அடுத்தவர் எழுத்துக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தாள்! என் ஒரு விரல் அதைக் கெடுத்துவிட்டது. அந்த விரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது. என்னால் முடிந்ததெல்லாம் அதைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வதுதான்.

சர்வர் என் பக்கம் திரும்பினார். “வாக்கியம் மறந்து போச்சா சார்?”

“வாக்கியம் நல்லா ஞாபகம் இருக்கு. எழுத்துதான் சேர மாட்டேங்குது.”

பேனா நின்றது.

“எழுத்தா?” என்றாள் அவள். “வாக்கியத்தைச் சொல்லுங்க.”

“வேண்டாம். நானே இன்னொரு தடவை…”

“சொல்லுங்கன்னா.”

“தனியா சொல்றேன்.”

“அவர் ஒண்ணும் அந்நியர் இல்ல. சொல்லுங்க.”

“நான் வேணா காதைப் பொத்திக்கறேன்,” என்றார் சர்வர். ஒரு கையில் டம்ளர் இருந்ததால் ஒரு காதைத்தான் பொத்திக்கொண்டார்.

நான் தரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

“காதுல விழல.”

“இந்த வீட்டில்… ஆள்பவன்… நானே.”

மின்விசிறி சுற்றும் சத்தம் அவ்வளவு பெரிசு என்று எனக்கு அன்றுதான் தெரியும். சர்வர் காபியில் எதையோ தேட ஆரம்பித்தார். என் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். வேலையில் இறங்குவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது.

“இதை எப்போ வச்சீங்க?”

“கம்ப்யூட்டர் வாங்கினப்போ.”

“வாங்கினது எப்போ?”

“எனக்குத் தோள் வலி வந்து படுத்திருந்தேனே, அந்தச் சமயம்.”

“அப்போ அதுக்குப் பேர் என்ன?”

“எதுக்கு?”

“தோள் வலிக்கு. நீங்க என்ன பேர் சொல்லிட்டிருந்தீங்க?”

“தோழ் வலி,” என்றேன். வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்து வந்தாள். என்னை நகர்த்திவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். நிதானமாக அடித்தாள். நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அவள் உதடு அசைந்தது. “இசட்… எச்…” கடைசியில் ஒரு தட்டு.

கறுப்பு விலகியது. வழக்கமான நீலத் திரை வந்தது. நடுவில் ‘மயங்கொலி’ ஃபோல்டர், பக்கத்தில் ‘பத்திரம்’.

நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். “எப்படி? நான் அத்தனை விதமா அடிச்சுப் பார்த்தேனே!”

“எல்லாம் சரியா அடிச்சிருக்கீங்க. அதான் திறக்கல,” என்றாள். “நீங்க அப்போ வச்சது ஆள்பவன் இல்ல. ஆழ்பவன். காய்ச்சல் உச்சத்துல இருந்த நேரம், ள வர்ற இடமெல்லாம் ழ. ‘வீட்டில்’ல இருக்கிற ல் மட்டும் எப்படியோ தப்பிச்சிருக்கு. ழ-வுக்கு இசட் எச் போடணும்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். அப்புறம் நான் உங்களைத் திருத்திட்டேன். இந்தப் பூட்டுக்குத் திருத்தின ஆளைத் தெரியாது. அதுக்குப் பழைய ஆள்தான் வேணும்.”

“நான் சொன்ன சிப் கதையேதான் சார்,” என்றார் சர்வர், பொத்தியிருந்த காதை விட்டுவிட்டு.

“ஆழ்பவன்னா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஆள்னா ஆட்சி பண்றது. ஆழ்னா மூழ்கறது. ‘இந்த வீட்டில் மூழ்குகிறவன் நானே’ன்னு இத்தனை வருஷமா பூட்டி வச்சிருந்திருக்கீங்க. எனக்கு நல்லது. நீங்க சரியா எழுதியிருந்தா நான் கண்டுபிடிச்சே இருக்க முடியாது.”

சர்வர் காபியை முடித்துவிட்டுத்தான் போனார். போகும்போது வாசலில் நின்று, “ஆழ்பவரே, வரேன்,” என்றார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் எனக்கு வேறு பெயர் இல்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் ஃபைல் போய்விட்டது. அனுப்புவதற்கு முன் அவள் கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் என்னால் ஆன தண்டனையாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொடாதே என்றால் இனி ஒரு ஸ்பூனைக்கூடத் தொடுவதில்லை என்று அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். சும்மா வாய்க்குக் கேட்கவில்லை, நெஞ்சு வலிக்கக் கேட்டேன். “ஸ்பூனைத் தொடுங்க. கழுவணுமே,” என்றாள். அதுதான் அவள் மன்னித்த விதம்.

“மீட்பு வாக்கியத்தை மாத்திட்டேன்,” என்றாள் பிறகு.

“புது வாக்கியம் என்ன?”

“பிழையில்லாத வாக்கியம்.”

அதற்கு மேல் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. என் பிரதேசம் அப்படியாகக் கை மாறியது.

புத்தகம் வந்த அன்று நான் கடையில் ‘உடம்புக்கு முடியல’ என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அவள் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தாள். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டாள், பிழை பார்ப்பது போலத்தான். கண் மட்டும் நனைந்திருந்தது. இதைத்தான் அன்றைக்கு நான் கெடுக்கப் பார்த்தேன். அவள் இன்னொரு பிரதியை என் கையில் கொடுத்து, “ஆ வரிசையைப் பாருங்க,” என்றாள்.

புரட்டினேன். கடைசி நேரத்தில் நுழைத்த ஒரு ஜோடி அங்கே இருந்தது.

ஆள்பவர்: ஆட்சி செய்பவர். எடுத்துக்காட்டு: ஆள்பவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஆழ்பவன்: மூழ்குபவன். எடுத்துக்காட்டு: இந்த வீட்டில் ஆழ்பவன் நானே.

பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். ஓர் ஒற்றாவது விட்டிருப்பாளா, ஒரு புள்ளியாவது தப்பியிருக்குமா என்று எழுத்து எழுத்தாகத் தேடினேன். பின்னாலிருந்து, கடையில் நான் கேட்கும் அதே குரலில், அவள் கேட்டாள்:

“இப்போ தெளிவாத் தெரியுதா?”

நன்றாகவே தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை.